செயலாளரின் ஆண்டறிக்கை, 2024: குயில்ட்டோடு போன வருடம்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் நம் வட்டத்து உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அட்லாண்டாவில் நம் நாட்டுப்புறக் கலை வட்டம் தொடங்கி ஆறு வருடம் நிறைகிறது. இந்த வருடம் 27 குடும்பங்கள் சந்தா செலுத்தியிருக்கின்றன. அதில் ஐந்து புதிய குடும்பங்கள். ஜூலையில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருந்ததால் அந்த மாதம் மட்டும் கூடவில்லை. மற்றபடி மாதம் ஒன்று என்று பதினொரு கூட்டங்கள் நடந்தன.

முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு கலை என்று வைத்துக்கொண்டிருந்தோம். எதுவும் மனதில் தங்கவில்லை என்று போன பொதுக்குழுவில் பலரும் குறைப்பட்டார்கள். நாம் வாழும் இந்தத் தென் மாநிலங்களின் கலை ஒன்றை எடுத்துக்கொண்டு வருடம் முழுக்க அதிலேயே இருப்போம் என்று முடிவானது. குயில்ட்டை எடுத்துக்கொண்டோம். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை: மேலே ஒட்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்த விரிப்பு, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சு. மூன்றும் நழுவாதபடி ஓட்டுத்தையல் போட்டு இறுக்கினால் அது குயில்ட். குளிருக்குப் போர்த்திக்கொள்ளத்தான் தைத்தார்கள். ஆனால் எந்தத் துணியை வெட்டினார்கள், எதன் பக்கத்தில் எதை வைத்தார்கள் என்று கேட்க ஆரம்பித்தால் ஒரு குடும்பமே எழுந்து வருகிறது.

பிப்ரவரியில் குயில்ட் கலைஞர் ஹாரியட் பவர்ஸின் ஊரான ஏதென்ஸ் போனோம். பவர்ஸ் 1837இல் ஜார்ஜியாவில் அந்த ஊர்ப் பக்கம் அடிமையாகப் பிறந்தவர். 1886இல் ஏதென்ஸ் பருத்திக் கண்காட்சியில் தன் குயில்ட் ஒன்றை வைத்தார். பதினொரு கட்டங்களில் ஆதாம் ஏவாள், காயீன், யாக்கோபின் கனவு என்று விவிலியக் கதைகளைத் துணியில் உருவங்களாக வெட்டி, துணிமேல் வைத்துத் தைத்திருந்தார். அதைப் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். தரமாட்டேன் என்றுவிட்டார் பவர்ஸ். சில வருடம் கழித்துக் கையில் காசு இல்லாத காலம் வந்தது. தானே போய்ப் பத்து டாலர் கேட்டார். கிடைத்தது ஐந்து. கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கதை இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார். அப்புறமும் பல தடவை அந்த வீட்டுக்குப் போய்த் தன் குயில்ட்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கட்டிக்கொடுத்த மகளைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது போல என்று நம் உறுப்பினர் ஒருவர் சொன்னார். வண்டியில் திரும்பும்போது யாருக்கும் பேச்சு வரவில்லை.

அவர் சொன்னதை ஸ்மித் எழுதி வைத்தார். அதனால்தான் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் குயில்ட்டுக்குத் தைத்தவர் பெயரும் உண்டு, கதையும் உண்டு. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய இன்னொரு குயில்ட்டில் பதினைந்து கட்டங்கள். அதில் ஒன்று, 1833 நவம்பரில் வானத்திலிருந்து நட்சத்திரங்கள் மழையாகக் கொட்டிய இரவு. அவர் பிறப்பதற்கு நாலு வருடம் முன்னால் நடந்தது அது. கேட்டுக் கேட்டு வளர்ந்த கதையைத் தைத்திருக்கிறார். 1910இல் இறந்தவரின் கல்லறைக் கல் காஸ்பல் பில்கிரிம் தோட்டத்தில் மறுபடி கண்டெடுக்கப்பட்டது 2005இல்தான். அங்கே பூ வைத்து நின்றோம்.

மார்ச் மாதம் ஒரு சங்கடம். நாம் பணம் கட்டிப் பதிவு செய்திருந்த கூடத்தை அதே நாளில் வேறொரு நிகழ்ச்சிக்கும் கொடுத்துவிட்டார்கள். குழந்தைகளோடு வாசலில் நின்றதை மறக்க முடியாது. உறுப்பினர் ஒருவர் உடனே தன் வீட்டுக் கார் கொட்டகையைத் திறந்துவிட்டார். தையல் சட்டத்தை அங்கே நிறுத்தினோம். சட்டத்தைச் சுற்றி எட்டுப் பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து தைக்கும்போது பேச்சு தானாக வருகிறது. அதற்குப் பிறகு கூடத்தைத் தேடவே இல்லை. கொட்டகையே நம் இடம் ஆகிவிட்டது. அந்தக் குடும்பத்துக்கு வட்டத்தின் நன்றி.

ஏப்ரலில் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் குயில்ட்டுகளின் படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். பண்ணை வேலைக்குப் போட்டுக் கிழிந்த கால்சட்டை, சட்டை, மேலங்கி இவைதான் பழைய குயில்ட்டுகளின் துணி. ஒரு நீலத்துண்டில் வெளிறிப்போன பரப்புக்கு நடுவே அடர்நீலமாக ஒரு சதுரம் தெரிந்தது. அச்சு என்று நினைத்தோம். உற்றுப் பார்த்தால், பையைப் பிரித்தெடுத்த இடம். பல வருட வெயில் மற்ற இடமெல்லாம் தின்றுவிட்டது, பை மூடியிருந்த இடம் மட்டும் வாங்கிய அன்றைய நிறத்தில் நிற்கிறது. அந்த ஊர்க்காரர் மிசூரி பெட்வே 1942இல் கணவர் இறந்தபின் அவருடைய வேலைத்துணிகளையெல்லாம் சேர்த்து ஒரு குயில்ட் தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அதற்குள் படுத்துக்கொள்ளத் தைத்தார் என்று, கூட இருந்து துணி கிழித்துக் கொடுத்த மகள் ஆர்லோன்சியா பின்னாளில் சொல்லியிருக்கிறார். அப்போது மகளுக்குப் பதினேழு, பதினெட்டு வயது இருக்கும்.

இதைக் கேட்ட நம் மூத்த உறுப்பினர் ஒருவர், நாம் எல்லோரும் மாமி என்று கூப்பிடுபவர், மே கூட்டத்துக்கு ஒரு பையோடு வந்தார். உள்ளே மாமாவின் ஐந்து சட்டைகள், இஸ்திரி போட்டபடி. அன்றைக்கு வெட்டவில்லை. ஜூனிலும் வெட்டவில்லை, மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆகஸ்டில்தான், கத்தரியை எடுக்காமல், முதலில் ஒரு சட்டைப் பையின் தையலைப் பிரித்தார். கீழே பேனா மை ஊறிய ஒரு கறை, அதைச் சுற்றி நல்ல வெண்ணெய் நிறம். சட்டை மொத்தமும் அந்த நிறம்தானா ஒரு காலத்தில் என்று அவரே கேட்டுக்கொண்டார். கறையோடு இருக்கும் அந்தத் துண்டுதான் இப்போது அவர் குயில்ட்டின் நடுவில் இருக்கிறது. அவர் அனுமதியோடு இதை இங்கே பதிவு செய்கிறேன்.

அக்டோபர்ப் பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2022 முதல் ஜீஸ் பெண்டில் வருடா வருடம் அக்டோபரில் குயில்ட்டுகளை வெளியே காயப்போடும் விழா நடக்கிறது. திண்ணைக் கம்பியிலும் கொடியிலும் வேலியிலும் ஊர் முழுக்கத் தொங்குகின்றன. பதினான்கு பேர் போனோம்.

அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஊர் அது. அஞ்சல் பெயர் பாய்கின். 1845இல் மார்க் பெட்வே என்ற பண்ணைக்காரர் அந்த நிலத்தை வாங்கி, வட கரோலினாவிலிருந்து நூறு பேர் அளவில் அடிமைகளை நடத்தியே கூட்டிவந்தார். ஊரில் இன்றும் பலருக்குப் பெட்வே என்ற பெயர்தான். ஒருவருக்கொருவர் உறவாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உடைமைக்காரரின் பெயர் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டது. விடுதலைக்குப் பின்னும் அதே நிலத்தில் குத்தகை விவசாயம். 1932இல் கடன் கொடுத்த வியாபாரி இறந்ததும் அவர் மனைவி கடனை வசூலிக்க ஆளனுப்பினார். மாடு, கலப்பை, சேமித்த தானியம் எல்லாம் போயிற்று. அந்தக் குளிர்காலத்தைப் பட்டினியோடு கடந்த குடும்பங்கள் அவை. ஆலையில் சிந்திய பஞ்சைக் கூட்டி எடுத்து, குச்சியால் அடித்துப் பரப்பிக் குயில்ட்டுக்குள் வைத்த காலம்.

எங்களை உலுக்கியது படகின் கதை. ஆற்றுக்கு அக்கரையில் மாவட்டத் தலைநகர் கேம்டன். வாக்காளராகப் பதிவு செய்ய அங்கேதான் போக வேண்டும். கறுப்பின மக்கள் படகேறிப் போகத் தொடங்கியதும் 1962இல் படகை நிறுத்திவிட்டார்கள். அக்கரை ஊருக்குச் சாலை வழியே ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. படகு திரும்ப வந்தது 2006இல். நாற்பத்து நாலு வருடம். இப்போது ஓடுவது மின்கலத்தில் இயங்கும் படகு. போகும்போது தரைவழியே போய், திரும்பும்போது அதில் கடந்தோம். கால் மணி நேரம்தான். பிள்ளைகள் தண்ணீரை வேடிக்கை பார்த்தார்கள். பெரியவர்கள் எல்லோரும் திரும்பிக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாக்குரிமைக்காக நின்று வேலையும் வீடும் இழந்த பெண்கள் பலர் 1966இல் அக்கம்பக்கத்து ஊர்களோடு சேர்ந்து ஃப்ரீடம் குயில்டிங் பீ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்தபோது மிஞ்சிய கார்டுராய் என்ற வரிவரியான துணியின் துண்டுகள் வீட்டுக்கு வந்தன. எழுபதுகளின் ஜீஸ் பெண்ட் குயில்ட்டுகளில் அந்தப் பாசிப்பச்சையும் மஞ்சளும் மின்னுவது அதனால்தான். 2002இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் இவற்றைச் சுவரில் மாட்டியபோது நவீன ஓவியத்துக்கு இணை என்று எழுதினார்கள். 2006இல் அஞ்சல் தலையும் வந்தது. அந்தப் பாராட்டு நியாயமானது. ஆனாலும் ஓவியத்தோடு ஒப்பிட்டால்தான் மதிப்பு வரும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. "வீட்டுக்கூரை" என்ற பெயரில் கட்டத்துக்குள் கட்டமாக அடுக்கும் அந்த முறை பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்தது. அதற்கு அதுவே போதும்.

திரும்பி வந்ததும் நவம்பர் கூட்டத்தில் ஒரு வாக்குவாதம். ஜீஸ் பெண்ட் மாதிரியில் பத்துக் குயில்ட் தைத்துத் தைப் பொங்கல் சந்தையில் விற்றால் வட்டத்துக்கு நிதி சேரும் என்று ஒரு யோசனை வந்தது. நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் தங்கள் வடிவங்களுக்கும் பெயருக்கும் உரிய பங்கு வரவில்லை என்று அந்த ஊர்ப் பெண்கள் சிலரே 2007இல் நீதிமன்றம் போனவர்கள்; பின்னர் சமரசம் ஆயிற்று. அதைத் தெரிந்துகொண்டே நாம் அவர்கள் மாதிரியைப் போட்டு விற்கலாமா? ஒரு மணி நேரப் பேச்சுக்குப் பிறகு வேண்டாம் என்று முடிவு செய்தோம். கற்றுக்கொள்ளத் தைப்போம், விற்கமாட்டோம். வேண்டுமானால் அவர்களிடமே வாங்குவோம். பயணத்தின்போது சிலர் தனியாகப் பணம் போட்டு ஒரு சின்னச் சுவர்த்துணி வாங்கிவந்தார்கள். தைத்தவர் பின்பக்கம் தன் பெயரையும் வருடத்தையும் நூலால் எழுதியிருக்கிறார். இதோ மேசைமேல் இருக்கிறது, எல்லோரும் திருப்பிப் பாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செப்டம்பரில் சேக்ரட் ஹார்ப் பாட்டு. 1844இல் வெளிவந்த, ஜார்ஜியாக்காரர்கள் தொகுத்த பாட்டுப்புத்தகம் அது. நாலு பக்கமும் பாடுபவர்கள் சதுரமாக உட்கார்ந்து, முதலில் ஃபா, ஸோல், லா, மி என்று சுரத்தைப் பாடிவிட்டுப் பிறகு வரிகளைப் பாடுவார்கள். ஸரிகம பாடிப் பழகிய நம் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். சார்ல்ஸ்டன் போய்வந்த ஒரு குடும்பம் மவுண்ட் பிளசன்ட் ஊரில் கல்லா (Gullah) என்ற ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் பின்னும் இனிப்புப்புல் கூடை ஒன்றைக் கொண்டுவந்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து நெல் விளைவிக்கத் தெரிந்தவர்களைப் பிடித்துவந்த கரையோரம் அது. நெல் புடைக்கும் அவர்களுடைய வட்டத் தட்டின் படத்தைப் பார்த்ததும் மாமி "சுளகு!" என்றார். ஒரு வேண்டுகோள்: அங்கே சாலையோரக் கடைகளில் யாரும் பேரம் பேசாதீர்கள். புல் பறித்து, காயவைத்து, சுருள் சுருளாகக் கட்டி ஒரு கூடை முடியப் பல நாள் ஆகிறது.

வரவு செலவு: சந்தா 1,080 டாலர், நன்கொடை 310, ஆக மொத்தம் 1,390. கூடத்து வாடகை 480 (கொட்டகைக்கு மாறும் முன்பே வருடத்துக்கும் கட்டிவிட்டது, திரும்பக் கேட்டிருக்கிறோம்), துணி, பஞ்சு, நூல் 265, அலபாமா வேன் 390. செலவு 1,135 போக மீதி 255 டாலர் அடுத்த வருடத்துக்கு. கணக்குப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இந்த வருடம் நம்மவர்கள் ஒன்பது குயில்ட் முடித்திருக்கிறார்கள். பழஞ்சாமான் கடைகளில் அழகான குயில்ட்டுகளின் சீட்டில் "தைத்தவர் தெரியவில்லை" என்று பார்த்துப் பார்த்து மனம் நொந்துபோய், செயற்குழு ஒரு தீர்மானம் போட்டது: நம் வட்டத்தில் முடியும் ஒவ்வொரு குயில்ட்டின் பின்பக்கமும் தைத்தவர் பெயர், ஊர், வருடம், துணி யாருடையது என்பது தமிழிலும் ஆங்கிலத்திலும் தைத்திருக்க வேண்டும். ஐந்தில் முடிந்துவிட்டது. மாமி மாமாவின் பெயரை முதலில் தைத்துவிட்டுத் தன் பெயரைக் கீழே தைத்தார்.

அடுத்த கூட்டம் ஜனவரி 11, சனிக்கிழமை, அதே கொட்டகையில். பெயர் இன்னும் தைக்காத நாலு பேரும் குயில்ட்டைக் கையோடு கொண்டுவாருங்கள். ஊசியும் நூலும் நான் எடுத்துவருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்