படத்தை அப்படியே எடுத்தால்தான் நல்ல கேமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஹாலிவுட் படங்களை வைத்து வந்த வீடியோ கேம்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த கேம் படத்தின் கதையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்தே மதிப்பெண் போட்டிருக்கிறார் கட்டுரையாளர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1997-இல் நின்டெண்டோ 64 என்ற கேம் கருவிக்கு வந்த 'கோல்டன்ஐ 007'-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1995-இல் வந்த 'கோல்டன்ஐ' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் அணைமேல் ஓடிவந்து, கயிற்றைக் கட்டிக்கொண்டு கீழே குதிக்கிறார். கொஞ்ச நேரத்தில் காட்சி முடிந்துவிடும். கேமில் அந்த அணைதான் முதல் லெவல் முழுவதும். காவல் கோபுரங்களில் ஏறலாம், சுற்றிப் பார்க்கலாம், குதிப்பது கடைசியில்தான். படத்தில் கழிப்பறைக் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கி ஒரு காவலரை பாண்ட் குத்துவார். கேமில் அதே கழிப்பறைக்கு மேலே, காற்றுக் குழாய்க்குள் நாம் இருக்கிறோம். எப்போது இறங்குவது, யாரை முதலில் சுடுவது, சத்தமில்லாமல் போவதா, எல்லாம் நம் கையில். ரஷ்யாவில் செவர்னயா என்ற இடத்தில் இருப்பதாகக் காட்டப்படும் ரகசிய நிலவறைக்குப் படத்தில் பாண்ட் போவதே இல்லை. கேமில் இரண்டு முறை போகிறோம். கதை மாறிவிட்டதுதான். ஆனால் பாண்டாக இருப்பது எப்படி இருக்கும் என்பதை அந்தப் படத்தைவிட இந்த கேம்தான் எனக்குக் காட்டியது.

இன்னொரு பக்கம், 1982-இல் அட்டாரி என்ற கேம் நிறுவனம் வெளியிட்ட 'ஈ.டி.'. பூமியில் தனியாக மாட்டிக்கொண்ட வேற்றுக்கிரகவாசி ஈ.டி.க்கும் ஒரு சிறுவனுக்கும் உள்ள நட்பைச் சொன்ன படத்தின் கேம் அது. கிறிஸ்துமஸ் விற்பனைக்காக ஐந்தே வாரங்களில் செய்து முடித்தார்கள். போன் பாகங்களைச் சேர்த்து வீட்டுக்குப் பேசுவது என்று கதையின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. ஆனால் குழியில் விழுவதும் மேலே வருவதுமாகவே பொழுது போகிறது. அந்தச் சிறுவனுக்கும் ஈ.டி.க்கும் இருந்த பாசம் எங்கே போனது?

அப்புறம் 'கிங் காங்' (2005). இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் பெயரோடே வந்த கேம் அது. எத்தனை உயிர் மிச்சம், எத்தனை குண்டு மிச்சம் என்று திரையில் எதுவும் ஓடாது. அடிபட்டால் திரை சிவக்கும், அவ்வளவுதான். படத்தில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலிருந்து ராட்சதக் குரங்கான காங் விழுந்து சாகிறது. கேமில் போதிய புள்ளிகள் சேர்த்தால் இன்னொரு முடிவு கிடைக்கும்: நாமே விமானம் ஓட்டி, காங்கைச் சுடவரும் விமானங்களை வீழ்த்தி அதைக் காப்பாற்றலாம். அந்தப் படத்தைப் பார்த்த யாருக்குத்தான் இந்த ஆசை வரவில்லை? தியேட்டரில் உட்கார்ந்துகொண்டு நாம் என்ன செய்துவிட முடியும்?

இப்படி ஒரு முடிவைத் தந்த கேமுக்கு, "மூலத்துக்குத் துரோகம்" என்று மதிப்பெண்ணைக் குறைத்தது நியாயமே இல்லை. அடுத்த பகுதி எழுதுவதற்கு முன்னால் கட்டுரையாளர் அந்த முடிவு வரை ஒரு தடவை விளையாடிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருநெல்வேலி