இனிமேல் நம்பலாம் என்றாயே, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் வருஷ திதியன்று பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது நீ சொன்னாய்: "முருகன் இவனை மலைக்கு இழுத்துவிட்டான். இனிமேல் இவனை நம்பலாம்." சின்னம்மா சிரித்தார். மாமா என் தோளைத் தட்டினார். நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

திதி வீட்டில் குரல் உயரக் கூடாது என்று அன்று அடக்கிக்கொண்டேன். பத்து நாளாகத் தூக்கம் சரியில்லை. மலைக்கு இழுத்தது யார் என்பதில் எனக்கு வழக்கில்லை. நீ அப்படித்தான் நினைப்பாய், நினைத்துக்கொள். அந்த 'இனிமேல்' என்ற சொல்தான் அறுக்கிறது. அப்படியென்றால் சாமி நம்பிக்கை இல்லாமல் இருந்த இந்த 48 வருஷமும் நான் யார்?

ஊர் கேட்கச் சொன்னாய். அதனால் ஊர் படிக்கும்படி எழுதுகிறேன். பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். ஆகவே பதினாறாம் நாள் நடந்ததையோ வளையல்களையோ இங்கே எடுக்கப்போவதில்லை. உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அது போதும்.

அந்த ஐப்பசி மழை இரவை மட்டும் எடுக்கிறேன். நீ அடுப்படியில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாய், பாதிதான் கேட்டிருப்பாய். மீதி இது.

அம்மா விளக்கு மாடத்துக்குக் கீழே இருந்த தகர டப்பாவை எடுத்துவரச் சொன்னார். திறந்து, ஒரு முடிச்சை என் கையில் வைத்தார். மஞ்சள் வெளுத்துப் பழைய சோற்றின் நிறத்துக்கு வந்திருந்த துணி. "உனக்குக் காமாலை கண்டபோது வள்ளிமலைக்கு முடிந்து வைத்தது. உங்கள் அப்பா இருந்தவரை நேரம் கூடவில்லை. அப்புறம் என் கால் ஒத்துழைக்கவில்லை. நீ கொண்டுபோய்ச் செலுத்திவிடு" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு அதில் நம்பிக்கை இல்லையென்று உனக்குத் தெரியுமே அம்மா."

"நம்பச் சொல்லவில்லை. கொண்டுபோகச் சொல்கிறேன்" என்றார்.

நான் பேசாமல் இருந்தேன். பிறகு, "அக்காவிடம் கொடுத்துவிடு" என்றேன். அம்மா முடிச்சைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. பதினோரு நாள்தான் இருந்தார்.

அக்கா, அதை நேர்மை என்று நினைத்தேன். இல்லாத ஒன்றுக்குத் தலையாட்டி, சாகக் கிடக்கிறவளை ஏமாற்றக் கூடாது என்று நினைத்தேன். இப்போதும் அந்த நினைப்பு முழுக்கத் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர் கேட்டது என் நம்பிக்கையை அல்ல, என் கால்களை. அவருக்கு முடியாத படிகளை எனக்கு ஏற முடியும், அவ்வளவுதான் கேட்டார். அதற்குக்கூட நான் கொள்கையைக் குறுக்கே நிறுத்தினேன். இதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியவர் இப்போது இல்லை. உன்னிடம் கேட்கிறேன்.

ஆனால் அந்த முடிச்சு தலையணைக்கு அடியில் இருந்ததே, நீ பார்க்கவில்லையா? கடைசி எட்டு மாதம் அந்தத் தலையணையை வெயிலில் போட்டு உதறியது யார்? கிருத்திகை தவறாமல் விரதம் இருக்கிற நீ, அந்த எட்டு மாதத்தில் எத்தனை நாள் ஆரணியிலிருந்து பஸ் ஏறினாய்? இதைக் கேட்கக் கூடாது என்று உட்கார்ந்தேன், கேட்டுவிட்டேன். அழிக்கவும் மனம் வரவில்லை.

சாமி பயம் இல்லாதவனை எது தடுக்கும் என்று நீ முன்பும் கேட்டிருக்கிறாய். 2009-ல் நடந்ததை நினைத்துப் பார். ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கழிவுநீரைச் சுத்திகரிக்கிற இடத்தில் எனக்கு ஆய்வகத்தில் வேலை. பாலாற்றங்கரைக் கிணறுகள் என்ன ஆயின என்பதை நாம் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வேலூர் குடிமக்கள் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று அதில் எழுதினார்கள். அதற்கும் பதின்மூன்று வருஷம் கழித்துத்தான் என் மேசைக்கு அந்த ஆய்வு முடிவுத் தாள் வந்தது. வெளியே விடுகிற நீரில் கரைந்திருக்கும் உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. என் மீட்டர் 7,000-க்கு மேல் காட்டியது. 2,000 என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். சொன்னவர் வெள்ளிக்கிழமை தோறும் அன்னதானம் செய்பவர்.

என்னோடு சேர்ந்து மறுத்த மேஸ்திரி ஐந்து வேளையும் தொழுபவர். "மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், தம்பி" என்றார். "கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்களே, பாய்" என்றேன். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலையை விட்டு ஒரே பஸ்ஸில் திரும்பினோம். எங்களுக்குப் பின் அந்த மேசையில் உட்கார்ந்து எண்ணை மாற்றி எழுதியவர், என்னைவிடக் கடுமையாகக் கடவுள் மறுப்புப் பேசியவர். இதையும் சொல்லத்தான் வேண்டும். நம்பிக்கை இல்லாதவனெல்லாம் யோக்கியன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று நீ என்ன சொன்னாய், அக்கா? "கையெழுத்துதானே, போட்டுவிடு, கைக்குழந்தை இருக்கிறது" என்றாய். அதே நீதான், அடுத்த வேலை கிடைக்கிறவரை ஏழு மாதம் மாதத்துக்கொரு மூட்டை அரிசி அனுப்பினாய். மாமாவுக்குத் தெரியாமல் அனுப்பினாய் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இப்போது மாமாவுக்கும் தெரிந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்த அரிசியை நீ சாமிக்குப் பயந்தா அனுப்பினாய்? தம்பி வீட்டு உலையில் அரிசி இல்லையே என்று அனுப்பினாய். சாமி சொன்னதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் சாமி அதைச் சொல்கிறதா என்று கிரேக்கத்தில் சாக்ரடீஸ் கேட்டு 2,400 வருஷம் ஆகிறது. உன்னிடம் அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தால் "சோற்றைத் தின்றுவிட்டுப் பேசு" என்பாய். அந்தச் சோற்றில்தான் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நம் வேலூரையே பார். ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு, அதைக் கடவுளின் அழைப்பாக எடுத்துக்கொண்டு மருத்துவம் படித்துத் திரும்பிய ஐடா ஸ்கடர், 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் நம் சி.எம்.சி. மருத்துவமனை. வாழ்நாளெல்லாம் கடவுள் இல்லை என்று பேசிய பெரியார், 1973 டிசம்பர் 24-ல் கண்ணை மூடியதும் அங்கேதான். இரண்டு பேரில் யாரை நம்பலாம், யாரை நம்பக் கூடாது என்று நீ பிரிப்பாயா?

இனி மலைக்குப் போன கதை. காட்பாடியில் பஸ் ஏறினேன். மலை ஏறும்போதும் எனக்கு நம்பிக்கை இல்லை, இறங்கும்போதும் இல்லை. வேண்டிக்கொள்ளவில்லை, விபூதி பூசிக்கொள்ளவில்லை. உண்டியலுக்கு முன்னால் நின்று முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், வரவில்லை. அம்மா போட்ட முடிச்சு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கடைசியில் பல்லால் இழுத்தேன். உள்ளே ஒன்றேகால் ரூபாய். பழைய பெரிய ஒரு ரூபாய் ஒன்று, இருபத்தைந்து பைசா ஒன்று. இருபத்தைந்து பைசா செல்லாமல் போனது 2011-ல். அந்தக் காசை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். பின்னால் வரிசையில் நின்ற அம்மாள், "போடுங்கள் ஐயா" என்றார். இரண்டையும் போட்டேன்.

வந்த வேலை முடிந்ததென்று இறங்கவில்லை. அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கியிருக்கிறார்களே, அந்தப் பக்கம் போனேன். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையவை. உலகத்தைப் படைத்தவன் என்று ஒருவன் இல்லை என்றவர்கள் அவர்கள். கொல்லாமையையும் பொய்யாமையையும் அவர்களைப்போல் இறுக்கிப் பிடித்தவர்களும் குறைவு. ஆரணி, வந்தவாசிப் பக்கம் இன்றும் இருக்கிறார்கள், உன் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே இரண்டு வீடு உண்டு. நயினார் வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார்கள் என்று நீதானே எனக்குச் சொன்னாய்? அவர்களை நம்பித்தானே நகைச்சீட்டுப் பணம் கொடுத்து வைத்திருந்தாய்?

அங்கே உட்கார்ந்து யோசித்தேன். உன் கணக்கில், அம்மா மேலே எங்கேயோ இருக்கிறார். நான் செலுத்தாவிட்டாலும் முருகன் பொறுத்துக்கொள்வான். என் கணக்கில் அம்மா எங்குமே இல்லை. அவருடைய வார்த்தையை நினைவில் வைத்திருக்க என்னைவிட்டால் வேறு இடமில்லை. நான் மறந்தால் அது அப்படியே போய்விடும், கேட்க யாரும் வரமாட்டார்கள். அதனால்தான் ஏறினேன். யாரும் இழுக்கவில்லை, அக்கா. முழங்கால் வலியோடு நானே ஏறினேன்.

துணி என்னிடம் இருக்கிறது. துவைக்கவில்லை. அதை நீ கேட்டதாகச் சின்னம்மா சொன்னார். தபாலில் அனுப்பமாட்டேன். தை பிறந்ததும் வா, இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா. அதே தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளலாம்.

உன் தம்பி
காட்பாடி