யானை பார்க்க யால வரைக்கும் போகத் தேவையில்லை, பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பின பயணத் திட்டத்தைப் பார்த்தேன். தெற்கே யால தேசியப் பூங்காவில் மூன்று இரவு, கூடாரத்தில் தங்கல், விடியவும் பின்னேரமும் என்று நாளுக்கு இரண்டு சஃபாரி. காசை விடு, நாலு வயதுக்காரன் ஜீப்பில் எவ்வளவு நேரம் இருப்பான்? ஆகஸ்டில் அங்கே ஒரு சிறுத்தை மரத்தில் படுத்திருக்கிறது என்று கதை பரவினால் போதும், ஜீப்புகள் வரிசைகட்டி நிற்கும், சின்னவனுக்குத் தெரியப்போவது முன்னால் நிற்கிற ஜீப்பின் முதுகுதான்.

மின்னேரியாவுக்குப் போங்கோ. திரும்பிப் போகிறபோது யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு எப்படியும் வான் பிடிக்கத்தானே வேணும், ஏ9 வீதியில் வந்து மரதன்கடவலயில் திரும்பினால் ஹபரணை, அங்கே ஒரு இரவு தங்கிவிட்டு அடுத்தநாள் தம்புள்ளைப் பக்கத்தால் இறங்கலாம். வான் கூலி பெரிதாய்க் கூடிவிடாது. வரும்போதே செய்வம் என்று மருமகன் சொல்லுவார், வேண்டாம், பறந்து வந்த அலுப்பில் பிள்ளைகள் ஜீப்பிலேயே தூங்கிவிடுவார்கள்.

மின்னேரியா மகாசேன மன்னன் கட்டின குளம். கோடையில் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் இளம்புல் வரும், அதைத் தின்னச் சுற்றுக் காட்டு யானைகள் எல்லாம் இறங்கும், நல்ல வருடத்தில் நூற்றுக்கு மேல் ஒன்றாய் நிற்கும். புல்லை முன்காலால் உதைத்துப் பெயர்த்து, தும்பிக்கையால் சுருட்டி, மண் உதிரக் காலில் அடித்துவிட்டுத்தான் வாயில் வைக்கும். பெரியவளுக்கு அதைக் காட்டு. தந்தம் எங்கே என்று கேட்பாள், நம் நாட்டில் ஆண் யானைகளிலும் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் இல்லை என்று இப்பவே சொல்லி வை.

ஒரு விஷயம். மொரகஹகந்த அணை வந்த பிறகு சில வருடங்களில் குளத்தில் கோடையிலும் தண்ணீர் நிற்கிறது. அப்படியென்றால் புல் இல்லை, யானைகள் பக்கத்திலுள்ள கவுடுல்ல பூங்காவுக்கோ ஹுருலு காட்டுக்கோ போய்விடும். மூன்றும் ஹபரணைக்குக் கிட்டத்தான். அதனால் லண்டனில் இருந்துகொண்டு இணையத்தில் எதற்கும் காசு கட்டிவைக்காதே, அன்று மத்தியானம் தங்குமிடத்துக்காரரிடமும் இரண்டு ஜீப்காரரிடமும் கேட்டுவிட்டு முடிவெடு.

ஜீப் வாடகை ஆளுக்கு இல்லை, வண்டிக்கு. அம்மாவும் நானும் வருகிறோம், ஆறு பேரும் ஒரே ஜீப்பில் கொள்ளும். நுழைவுச்சீட்டுத்தான் ஆளுக்கு: எங்களுக்கு உள்ளூர் விலை, உங்களுக்கு வெளிநாட்டுக்காரர் விலை, அது பல மடங்கு. நீ இரட்டைக் குடியுரிமை எடுத்தாயே, உனக்கும் உள்ளூர் விலை கேட்க அடையாள அட்டையை மறக்காமல் கொண்டு வா. பெரிய ஹோட்டலும் வேண்டாம், காற்றாடியும் நுளம்பு வலையும் உள்ள வீட்டுத் தங்குமிடம் போதும்.

பின்னேரம் மூன்று மணிக்குப் போனால் சரி, ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். உள்ளே மலசலகூடத்தை நம்பாதே, ஏறமுதல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போ. புழுதிக்கு முகக்கவசம், பிஸ்கட், தண்ணீர். யானைக்குக் கிட்டக் கொண்டுபோய் விடட்டா என்று ஓட்டுநர் கேட்டால் வேண்டாம் என்று சொல், குட்டியோடு நிற்கிற தாய்க்குக் கோபம் வரும். யானைச் சவாரி என்று தெருவில் கூப்பிடுவார்கள், அந்தப் பக்கமே பார்க்காதே.

வான்காரத் தம்பி ஆகஸ்டுக்கு இப்பவே திகதி கேட்கிறான். மருமகனோடு கதைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லு.

அப்பா