அட்டைக்குப் பின்னால் அப்பாவின் கையெழுத்து

அன்புள்ள ராசாவுக்கு அம்மா எழுதுவது. இங்கு நானும் பாட்டியும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

அப்பாவின் ரெக்கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பணம் அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்ப்பா. மாடியில் கிடந்த பிளேயரே நன்றாகச் சுற்றுகிறது. பெல்ட்டும் முள்ளும்தான் மாற்றினேன். கடையில் சூட்கேஸ் மாதிரி மூடுகிற புதுப் பிளேயர் ஒன்றைக் காட்டினார்கள். அதில் முள்ளின் பாரத்தைக் குறைக்க வழியே இல்லை. நம்முடையதில் 2 கிராம் வைத்திருக்கிறேன். அப்பா சேர்த்த பிளேட்டை அதற்கு மேல் அழுத்த எனக்கு மனசு வரவில்லை.

பிளேயருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் பெஹ்ரிங்கர் யூஎஃப்ஓ 202 என்று உள்ளங்கையளவு பெட்டி. முள்ளின் சன்னமான சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கிற போனோ ப்ரீஆம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது. கம்ப்யூட்டரில் பதிகிற ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். முதல் நாள் பாட்டுக்கு அடியில் ‘ங்…’ என்று ஒரே இரைச்சல். எந்தக் கல்யாண வீட்டில் மைக் செட்டு கட்டினாலும் அப்பா முதலில் எர்த்தைத்தானே பார்ப்பார்? பிளேயரின் எர்த் வயரைப் பெட்டியின் திருகில் மாட்டினேன், நின்றுவிட்டது.

துடைப்பதற்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். நடு லேபிள் நனையாமல், கோடு போகிற போக்கிலேயே துடைக்கிறேன். ஒரு பக்கம் 20 நிமிஷம் என்றால் 20 நிமிஷமும் பக்கத்திலேயே உட்கார வேண்டும். அதனால் சாயங்காலம் ஒரு எல்பி (பெரிய ரெக்கார்டு), அவ்வளவுதான். ‘கீறல் நீக்கும்’ வசதியை அதிகம் போட்டால் தவிலின் அடி மழுங்கிவிடுகிறது. பதிந்ததை அப்படியே, தரம் குறையாத ஃப்ளாக் பைலாகச் சேமித்துவிட்டு, நகலில்தான் கை வைக்கிறேன்.

உன்னிடம் சொல்ல நினைத்தது வேறு. அட்டைகளுக்குப் பின்னால் அப்பா பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். சீர்காழி பக்திப் பாடல்களில், ‘முதல் பாட்டு. விடியக்காலை 4½. சத்தம் குறைவு.’ காருகுறிச்சியார் நாகஸ்வரத்தில், ‘மேளக்காரர் சாப்பிடப் போனால்.’ எல்.ஆர். ஈஸ்வரி அம்மன் பாட்டில், ‘ஆடி. 3வது பாட்டில் முள் தாவும். பக்கத்திலேயே இரு.’ நேற்று அவர் எழுதிய இடத்திலேயே தாவியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடி முள்ளை லேசாகக் கையில் தாங்கிப் பதிந்து, விட்டுப்போன வரியை ஒட்டினேன்.

ஒவ்வொரு அட்டையையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, அவர் எழுதியதை அப்படியே பைலின் குறிப்பில் டைப் செய்கிறேன். அந்தப் பாட்டு உனக்கு அங்கேயும் கிடைக்கும். எதை எப்போது போட வேண்டும் என்று நம் ஊர் வீதிகளில் 30 வருஷம் அலைந்து அவர் தெரிந்துகொண்டது இந்தப் பென்சில் எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது. சில இடங்களில் அழிந்துபோய் எனக்குப் படிக்க வரவில்லை. போட்டோ அனுப்புகிறேன், பார். சின்ன வயசில் அவரோடு செட்டு கட்டப் போனவன் நீ.

நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றுகிற பழைய பிளேட்டு பதினெட்டு இருக்கிறது. அவற்றின் கோடு அகலம், எல்பி முள் ஆகாது. அரக்குத் தட்டு என்பதால் ஸ்பிரிட்டும் படக்கூடாது. ஆடியோ டெக்னிகா விஎம்95 முள்ளில் 78-க்கென்று ‘எஸ்பி’ வருகிறது; நான் மாட்டியிருக்கிற அதே பிடியில் ஏறும். பொங்கலுக்கு வரும்போது அதை மட்டும் வாங்கி வா.

ஆசீர்வாதத்துடன்,
அம்மா