வழுக்கி விழுந்தது என்று யார் சொன்னது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் நம் மாவட்டப் பக்கத்தில், செயின் பறிப்பு வழக்கில் பிடிபட்ட ஒரு பையனின் படம் போட்டிருந்தீர்கள். வலது கையில் மாவுக்கட்டு. "கழிவறையில் வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது" என்று செய்தி முடிந்திருந்தது. யார் சொன்னார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. உங்கள் நிருபர் பக்கத்தில் நின்று பார்த்தது போல இருந்தது. டீக்கடையில் அதைச் சத்தமாகப் படித்து நாலு பேர் சிரித்தார்கள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

2009ல் என் தம்பியை மோட்டார் ஒயர் திருட்டு என்று சொல்லி, "விசாரித்துவிட்டு அனுப்புகிறோம்" என அழைத்துப் போனார்கள். எந்த ஸ்டேஷன் என்று எழுதப் போவதில்லை. நானும் அம்மாவும் தூக்குப்போசியில் சோறு கொண்டுபோனால், "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்றார்கள். படி ஓரத்தில் அவன் செருப்பு கிடந்தது. வார் அறுந்த செருப்பு, நான்தான் கம்பி போட்டுக் கட்டிக் கொடுத்தது. இரண்டு ராத்திரி எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் விட்டார்கள். ஆஸ்பத்திரியில் வண்டியிலிருந்து விழுந்ததாகச் சொல்லச் சொன்னார்கள், அவனும் சொன்னான். ஒரு மாதம் கழித்து உண்மையான ஆள் சிக்கினான். தம்பியால் இன்றைக்கும் தக்காளி கிரேடைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது.

கைது செய்தால் உறவினருக்குச் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவர் பார்க்க வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996லேயே சொன்னது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆளே இங்கே இல்லை என்று சொல்லிவிட்டால் அந்தத் தீர்ப்பை வைத்து நாங்கள் என்ன செய்வது? போலீஸ்காரர் அல்லாத ஒரே ஒருவர், கதவைத் திறக்கச் சொல்லும் உரிமையோடு, அன்றைக்கு உள்ளே போயிருந்தால் போதும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறை, அதாவது விரும்பும் நாடுகள் தனியாகச் சேரும் துணை ஒப்பந்தம், அதைத்தான் கேட்கிறது. லாக்கப், சிறை என்று தானே தேர்ந்தெடுத்த இடத்துக்குப் போய், உள்ளே இருப்பவரிடம் தனியாகப் பேசும் சுயேச்சையான அமைப்பு. 2006ல் அது நடைமுறைக்கு வந்தது. நம் நாடோ மூல உடன்படிக்கையிலேயே 1997ல் கையெழுத்துப் போட்டதோடு சரி, அதற்குக் கட்டுப்படுகிறோம் என்று இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2010ல் மக்களவையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதாவும் காலாவதியாகிப் போனது.

கேமராதான் வைத்தாயிற்றே என்பார்கள். 2020 ஜூனில் தந்தையும் மகனும் அடிபட்டு, பின் இறந்துபோன சாத்தான்குளம் ஸ்டேஷனிலும் கேமரா இருந்தது. பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததை மாஜிஸ்திரேட் தன் அறிக்கையில் எழுதினார். அதே 2020 டிசம்பரில், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா, மாவட்டத்துக்கு ஒரு கண்காணிப்புக் குழு என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால் அந்தக் குழுவில் எஸ்.பி.யும் ஓர் உறுப்பினர்.

ஸ்டேஷன் மட்டுமா? சந்தனமரத் தேடுதல் என்று ஊருக்குள் புகுந்த வனத்துறையும் போலீசும் பாலியல் கொடுமை செய்த நம் மாவட்டத்து வாச்சாத்திப் பெண்களை, 1992 ஜூனில் அடைத்து வைத்தது அரூர் வன அலுவலகத்தில். அங்கிருந்து சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். இத்தனை இடம் மாறியும், என்ன நடந்தது என்று அந்தப் பெண்களைத் தனியாக உட்காரவைத்துக் கேட்க வெளியாள் ஒருவர் இல்லை. அந்த அரசு ஊழியர்களைத் தர்மபுரி நீதிமன்றம் 2011ல் தண்டித்தது, 2023ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்குள் 31 வருஷம் போய்விட்டது. அந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு மாவுக்கட்டைப் பார்த்துச் சிரிக்கிறோம், ஐயா.

நான் கேட்பது பெரிய உதவி இல்லை. இனி அப்படிச் செய்தி வந்தால் "என்று போலீசார் தெரிவித்தனர்" என்ற மூன்று வார்த்தையைச் சேருங்கள். அப்புறம், நம் மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், இங்குள்ள சிறைக்குப் போய்ப் பார்க்க நியமிக்கப்பட்ட, அதிகாரிகள் அல்லாத அலுவல்சாராப் பார்வையாளர்கள் யார், எந்த எண்ணில் கூப்பிடலாம் என்று விசாரித்து ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். அன்றைக்கு அப்படி ஒரு எண் கையில் இருந்திருந்தால், அம்மா அந்தப் புளியமரத்தடியிலிருந்து எழுந்து பக்கத்து பூத்துக்குப் போயிருப்பார்.

இப்படிக்கு,
பல வருட வாசகர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.