நூல் வாங்குமுன் ஒரு வார்த்தை

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மகள் மருதமுனை நெசவாளர்களோடு சேர்ந்து கைத்தறித் துணி விற்கத் தொடங்கியிருக்கிறாள் என்று வாசித்தபோது மனம் நிறைந்தது. ஆனால் ஆறு மாதத்துக்கு வேண்டிய சாய நூலையும், பெயர் அச்சிட்ட பைகளையும், மொத்தமாக எடுத்தால் மலிவு என்பதற்காக ஒரேயடியாக வாங்கப் போகிறாள் என்று நீ எழுதியிருந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

என் அக்காவின் மகனை உனக்குத் தெரியும். 2017இல் அவனும் இரண்டு நண்பர்களும் பாசிக்குடாவுக்கு வரும் பயணிகளுக்குக் காலை உணவு சமைத்துக் கொடுத்து, வானில் ஊர் சுற்றிக் காட்டும் தொழிலைத் தொடங்கினார்கள். சொந்த வான் ஒன்று, லீசிங்கில் எடுத்த வான் ஒன்று, மீனும் இறைச்சியும் வைக்கப் பெரிய குளிர்ப்பெட்டி ஒன்று, கிரானிலிருந்து சமைக்க வரும் மூன்று பெண்கள்: அவ்வளவுதான் அவர்களுடைய முதல். 2019 ஏப்ரல் 21இன் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பாசிக்குடாக் கடற்கரை வெறிச்சோடிப் போனது. லீசிங் தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்து நின்றது. இரண்டாவது வானை நட்டத்தோடு திருப்பிக் கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, அனுமதிப்பத்திரம் எடுத்து, மிஞ்சியிருந்த வானில் அதே குளிர்ப்பெட்டியை ஏற்றி, வாழைச்சேனை மீனை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சமையலுக்காக நாள்தோறும் மீன் வாங்கியதில் மீனவர்களோடு ஏற்பட்ட பழக்கம்தான் அங்கே கைகொடுத்தது. சந்தைகள் திறந்ததும் அந்த வியாபாரமும் சுருங்கியது. 2022இல் டீசலும் இல்லை, எரிவாயுவும் இல்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. வான் முற்றத்திலேயே நின்றது. அப்போது, விறகடுப்பில் சிவப்பரிசி மா வறுத்து விற்கலாம் என்று சொன்னவர் அந்த மூன்று பெண்களில் மூத்தவர். கொழும்பு ஏற்றுமதியாளர் ஒருவர் வழியாக அந்த மா வெளிநாட்டுத் தமிழ்க் கடைகளுக்குப் போகத் தொடங்கியது. எங்கள் எல்லோரையும் வாட்டிய ரூபாயின் வீழ்ச்சியே அவர்களுக்கு வருமானமாயிற்று.

எடித் பென்ரோஸ் என்ற பொருளியலாளர் 1959இல் எடுத்துக்காட்டிய வேறுபாடு ஒன்றுண்டு: ஒரு நிறுவனத்திடம் உள்ள வளம் வேறு, அந்த வளத்திலிருந்து அது பெறும் சேவை வேறு, ஒரே வளம் வேறு கைகளில், வேறு காலத்தில் வேறு சேவை தரும். முப்பது ஆண்டுகள் வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பார்த்த நான், கடன் கேட்டு வந்தவரிடம் காணி உறுதியையும் வாகனப் பதிவுப் புத்தகத்தையும்தான் கேட்டேன். சமையலறையில் நின்றவருக்கு வேறு என்னென்ன செய்யத் தெரியும் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அது இப்போது எனக்கு உறுத்துகிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கடன் வட்டி வீதத்தை 7.5இலிருந்து 14.5 சதவீதத்துக்கு ஒரே நாளில் உயர்த்தியபோது, என்னைப் போன்றவர்கள் பெறுமதியாகக் கணக்கிட்டவை சுமையாகிவிட்டன.

ஆனால் எதையும் எதுவாகவும் மாற்றிவிடலாம் என்று மகள் நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர்கள் எதையோ இழந்தார்கள்; கூட்டாளிகளில் ஒருவன் 2020இலேயே விலகிப் போனான். காலையுணவுப் பொதிக்காகப் படத்தோடு அச்சிட்ட பைகளில் பல ஆயிரம் அப்படியே தேங்கின. இப்போது அவர்கள் வெறும் பை வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். ஒரு பைக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் செலவாகிறது, ஆனாலும் மாவோ மிளகாய்த்தூளோ அதே பையில் போகும். அந்தக் கூடுதல் செலவு வீண் என்று நான் முன்பு வாதாடியிருப்பேன், இப்போது மாட்டேன்.

நூலும் அப்படித்தான். இத்தாலியின் பெனட்டன் நிறுவனம் பின்னலாடைகளைச் சாயமிடாத நூலில் பின்னி வைத்து, அந்தப் பருவத்தில் எந்த நிறம் விலைபோகிறது என்று தெரிந்த பின்னரே சாயமிட்டது. கோடு போட்ட சேலைக்கும் சாரத்துக்கும் நூலைத்தான் முதலில் சாயமிட வேண்டும் என்பதை அறிவேன். என்றாலும் வெள்ளை நூலாக வாங்கி வைத்து, ஓடர் வரும் அளவுக்கு மட்டும் சாயமிடலாம் அல்லவா? மிச்சமாகும் பணத்தில் நெசவாளர்களின் கூலியைத் தாமதமின்றிக் கொடுக்கட்டும். நூலை எப்போதும் வாங்கலாம். கைதேர்ந்த நெசவாளர் ஒருவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அவரைத் திரும்ப அழைப்பது கடினம்.

முற்பணம் கொடுக்குமுன் மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை இங்கே வா. கல்முனையிலிருந்து காலை பஸ்ஸில் ஏறினால், மூவருமாகக் கிரானுக்குப் போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம். மா வறுக்கும் அந்த அம்மாவோடு அவள் பேச வேண்டும். அச்சிட்ட பைகளில் இரண்டு பெட்டி இன்னும் அங்கே கிடக்கின்றன. அவற்றையும் அவள் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் நண்பன்