ஓடுற வண்டி திடீர்னு நிக்கறத "கம்ப்ளைன்ட் இல்ல"ன்னு எழுதி திருப்பி அனுப்பாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தர்மபுரிலேர்ந்து எழுதறேன். தொப்பூர் கணவாய் விபத்துன்னு உங்க பேப்பர்ல செய்தி வரும்போதெல்லாம் லாரிக்கு பிரேக் பிடிக்கல, டிரைவர் தூங்கிட்டாருன்னு படிக்கிறோம். ஆனா அந்த இறக்கத்துல நல்லா ஓடிக்கிட்டு இருக்கற கார் ஒன்னு திடீர்னு உயிரு போன மாதிரி நின்னா என்ன ஆகும்னு யாரும் பேசறதில்ல, எனக்கு அது நடந்துச்சு, அதனாலதான் இத எழுதறேன், கொஞ்சம் நீளமா இருந்தாலும் தயவுசெஞ்சு போடுங்க.

மே மாசம், மத்தியானம் 2 மணி இருக்கும். அம்மாவுக்கு கண்ணு ஆபரேஷன் ஆகி செக்கப்புக்கு சேலம் கூட்டிட்டு போயிட்டு இருந்தேன். 2015 மாடல் பெட்ரோல் வண்டி, மேனுவல் கியர். தொப்பூர் இறக்கத்துல மூணாவது கியர்ல 50ல போறேன், எனக்கு பின்னாடி கிரானைட் கல்லு ஏத்தின டிரெய்லர் வருது. ஒரு திக்கல் இல்ல, ஒரு சத்தம் இல்ல, சாவிய யாரோ திருப்பி ஆஃப் பண்ண மாதிரி இன்ஜின் நின்னுபோச்சு. ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. ஆயில் லைட், பேட்டரி லைட் எல்லாம் செவப்பா எரியுது. பின்னாடி லாரிக்காரர் ஹார்ன் அடிச்சிட்டே வர்றார், அம்மா "என்னடி ஆச்சு என்னடி ஆச்சு"ங்கறாங்க, எப்படி இடது பக்கம் ஓரங்கட்டினேன்னு இன்னிக்கும் எனக்கு சரியா ஞாபகம் இல்ல. அந்த லாரி எங்கள ஒட்டி தாண்டி போனப்ப கார் ஒரு ஆட்டம் ஆடுச்சு. அரை மணி நேரம் கழிச்சு சாவி போட்டா ஒன்னுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது!

அது மொத தடவை இல்ல, அதுக்கு முன்னாடி 2 மாசத்துல 4 தடவ அப்படி நின்னிருக்கு. ஒவ்வொரு தடவையும் சர்வீஸ் சென்டருக்கு போனேன். மொத தடவ "கிளட்ச்ச டக்குனு விட்டிருப்பீங்க மேடம்"னு சொன்னாங்க, 11 வருஷமா வண்டி ஓட்டறேன், ஓடற வண்டில கிளட்ச்ச எங்க விடறது? ரெண்டாவது தடவ ஸ்பார்க் பிளக் மாத்தி, த்ராட்டில் பாடி (இன்ஜினுக்கு காத்து போற வழி) கிளீன் பண்ணாங்க. மூணாவது தடவ ஃப்யூல் பம்ப்ப மாத்தினாங்க. நாலாவது தடவ ஸ்கேனர் போட்டு பாத்துட்டு எந்த ஃபால்ட் கோடும் (பழுத காட்டற நம்பர்) இல்ல, வண்டில கம்ப்ளைன்ட் இல்லன்னு ஜாப் கார்டுல (என்ன கம்ப்ளைன்ட், என்ன வேலைன்னு எழுதற சீட்டு) எழுதி கொடுத்துட்டாங்க. மொத்தம் 14 ஆயிரத்துக்கு மேல செலவு. அந்த "கம்ப்ளைன்ட் இல்ல"ங்கற பேப்பர் பைல இருக்கும்போதுதான் தொப்பூர்ல நின்னுச்சு.

அவங்க வண்டிய எப்படி டெஸ்ட் பண்ணாங்கன்னு பின்னாடிதான் யோசிச்சேன். ராத்திரி முழுக்க நிறுத்தி வச்சு, காலைல இன்ஜின் ஆறி கெடக்கும்போது எடுத்து 3 கிலோமீட்டர் ஒரு ரவுண்டு போயிட்டு வர்றாங்க. என் வண்டி நின்னதெல்லாம் வெயில்ல 40 நிமிஷம் ஓடினதுக்கு அப்புறம். காய்ச்சல் சாயங்காலம் வருதுங்கறவங்கள காலைல தொட்டு பாத்துட்டு காய்ச்சல் இல்லன்னு அனுப்பற மாதிரி இல்லையா இது?

அப்புறம் சொந்தக்காரர் ஒருத்தர் சொல்லி பென்னாகரம் ரோட்டுல ஒரு வயசான மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். அவர் பானெட்ட தொறக்கவே இல்ல. மொதல்ல உக்கார வச்சு கேள்விதான் கேட்டார். நிக்கறதுக்கு முன்னாடி இழுக்காம திக்குதா, இல்ல சுவிட்ச் போட்ட மாதிரி நிக்குதா? நின்னதும் டேஷ்போர்டு லைட் எரியுதா, இல்ல அதுவும் செத்துபோகுதா? எவ்ளோ நேரம் ஓடினா நிக்குது, எவ்ளோ நேரம் ஆறினா ஸ்டார்ட் ஆகுது? சாவிய ஆன் பண்ணும்போது பின் சீட்டுக்கு அடியில பம்ப்போட "ங்ங்"னு சத்தம் ரெண்டு செகண்ட் வருதா? கடைசியா ஒன்னு கேட்டார், "வண்டி கியர்ல உருண்டுட்டு இருக்கும்போதே ஆர்பிஎம் முள்ளு, அதான் இன்ஜின் சுத்தற வேகத்த காட்டற முள்ளு, என்ன ஆகுதும்மா, மெதுவா எறங்குதா, பட்டுனு கீழ விழுதா?" எனக்கு தெரியல. அப்ப ஒரு நோட்டு போட்டு எழுதும்மா, அடுத்த தடவ பக்கத்துல உக்காந்தவங்கள விட்டு மீட்டர வீடியோ எடுக்க சொல்லுன்னார்.

ஏன் கேக்கறார்னும் அவரே சொன்னார், இது எல்லாருக்கும் தெரியணும். பெட்ரோல் சரியா வராம நின்னா வண்டி பெரும்பாலும் முன்னாடியே திக்கி, இழுக்காம, அப்புறம்தான் நிக்கும். மீட்டர் லைட் எல்லாம் சேர்ந்து செத்துபோனா பேட்டரி டெர்மினல், எர்த் வயர், சாவி போடற சுவிட்ச், மெயின் ரிலே பக்கம் பாக்கணும். சிக்னல்ல நிக்கும்போது மட்டும் ஆஃப் ஆனா த்ராட்டில் பாடில கரி படிஞ்சிருக்கலாம். ஆனா லைட்டும் எரிஞ்சு, சக்கரம் இன்ஜின சுத்த வச்சுக்கிட்டு இருக்கும்போதே முள்ளு பட்டுனு ஜீரோவுக்கு விழுந்துச்சுன்னா, இன்ஜின் சுத்தறதே கம்ப்யூட்டருக்கு தெரியலன்னு அர்த்தம். அப்ப சந்தேகம், இன்ஜின் சுத்தறத கவனிச்சு சொல்ற கிராங்க் சென்சார் மேலயும் அதோட வயர் மேலயும்தான்.

அடுத்த வாரமே பாலக்கோடு போற வழில நின்னுச்சு, பக்கத்துல இருந்த தங்கச்சி வீடியோ எடுத்தா. வண்டி கியர்ல 40ல உருளுது, முள்ளு செத்த மாதிரி ஜீரோல கெடக்குது.

அந்த சென்சார் கட்டை வெரல் அளவுதான் இருக்கு. இன்ஜினோட சேர்ந்து சுத்தற ஒரு பல்லு சக்கரத்துக்கு எதிர்ல உக்காந்திருக்கும், நெறைய வண்டில அந்த சக்கரத்துல 60 பல்லுக்கு எடம் இருக்கும், அடையாளத்துக்கு ரெண்டு பல்லு மட்டும் இல்லாம வெத்தா விட்டிருப்பாங்க. பல்லு தாண்டறத வச்சுதான் எப்ப பெட்ரோல் தெளிக்கணும், எப்ப ஸ்பார்க் விடணும்னு ஈசியூ, அதான் இன்ஜின் கம்ப்யூட்டர், கணக்கு போடுது. அந்த சிக்னல் அறுந்தா ரெண்டையும் அதே நொடில நிறுத்திடும். என் வண்டில இருந்தது உள்ள தலைமுடி மாதிரி மெல்லிசான கம்பி சுத்தின காயில் வகை. அண்ணன் அத கழட்டி மல்டிமீட்டர்ல வச்சார், 870 ஓம்ஸ் காட்டுச்சு, சரியாத்தான் இருந்துச்சு. சர்வீஸ் சென்டர்ல அளந்திருந்தாலும் இதான் காட்டியிருக்கும். அப்புறம் அவரு வீட்டுலேர்ந்து முடி காய வைக்கற டிரையர எடுத்துட்டு வர சொல்லி சென்சார் மேல சூடு காட்டினார். 880, 910, 940ன்னு ஏறிக்கிட்டே போச்சு, நாலு நிமிஷம் இருக்கும், திடீர்னு நம்பர் போய் ஓபன்னு காட்டுது. உள்ள கம்பி சூட்டுல விரிஞ்சு விட்டுப்போகுது. ஈர துணி சுத்தி வச்சார், ரெண்டு நிமிஷத்துல மறுபடியும் 880. மூணு தடவ செஞ்சு காட்டினார், மூணு தடவையும் அதே. எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு, 3 மாசமா என்ன பைத்தியம் மாதிரி பாத்தாங்களே, அதுக்கு பதில் அந்த மீட்டர்ல இருந்துச்சு. (இந்த ஓம்ஸ் டெஸ்ட் காயில் வகைக்கு மட்டும்தான், மூணு வயர் வர்ற ஹால் வகை சென்சார இப்படி அளக்க கூடாதுன்னு அவர் அழுத்தி சொன்னார், வீட்டுல செஞ்சு பாக்கறவங்க கவனிங்க.)

புது சென்சார் 1,350 ரூபாய். கூலி 300. மாத்தி 5 மாசம் ஆச்சு, ஒரு தடவ கூட நிக்கல.

ஸ்கேனர்ல ஏன் கோடு வரலன்னு கேட்டேன். கிராங்க் சென்சார் பழுதுக்குன்னு பி0335ன்னு ஒரு கோடே இருக்கு, ஆனா சிக்னல் சுத்தமா நின்னா நெறைய வண்டில ஈசியூ அத டிரைவர் வண்டிய ஆஃப் பண்ணிட்டாருன்னு எடுத்துக்கும், அதனால பதிவே ஆகாம போகலாம்னார். ஸ்கேனர்ல கோடு இல்லைங்கறதும் வண்டில கோளாறு இல்லைங்கறதும் வேற வேற. இந்த ஒரு விஷயம் சர்வீஸ் சென்டர்ல உக்காந்து ஜாப் கார்டு எழுதறவங்களுக்கு தெரிஞ்சிருந்தா போதும்.

இத ஏதோ என் ஒருத்தியோட பிரச்சனைன்னு நெனைக்காதீங்க. அமெரிக்காவுல 2014ல ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி செவர்லே கோபால்ட் மாதிரி சின்ன கார்கள சுமார் 26 லட்சம், சரி பண்ணி தர்றதுக்கு திரும்ப கூப்பிட்டுச்சு. சாவி போடற சுவிட்ச் லூசா இருந்து, ஓடும்போதே தானா நழுவி இன்ஜின் ஆஃப் ஆகும், அதோட ஏர்பேக்கும் வேலை செய்யாது. 124 பேர் செத்துட்டாங்கன்னு அந்த கம்பெனியோட நஷ்டஈட்டு கணக்குலயே வந்துச்சு. அது பல வருஷமா கம்பெனிக்கு தெரியும், ஆனா வண்டி நின்னாலும் ஸ்டீயரிங் திருப்பலாம் பிரேக் போடலாம், அதனால இது பாதுகாப்பு பிரச்சனை இல்ல, வாடிக்கையாளருக்கு ஒரு அசௌகரியம் அவ்ளோதான்னு வகைப்படுத்தி வச்சிருந்தாங்க. "நின்னா திரும்ப ஸ்டார்ட் பண்ணிக்கோங்க மேடம்"னு எங்கிட்ட சொன்னதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? நம்ம நாட்டுலயும் 2020 ஜூலைல மாருதி ஃப்யூல் பம்ப் கோளாறு இருக்கலாம்னு வேகன்ஆர், பலேனோ 1,34,885 வண்டிகள தானா முன்வந்து கூப்பிட்டு சரி பண்ணி கொடுத்தாங்க, அது நல்ல முன்னுதாரணம்.

2019ல மோட்டார் வாகன சட்டத்த திருத்தி 110ஏன்னு ஒரு பிரிவு கொண்டு வந்தாங்க, குறைபாடுள்ள வண்டிகள திரும்ப கூப்பிட சொல்லி கம்பெனிக்கு அரசே உத்தரவு போடலாம், அதுக்கான விதிகள் 2021 ஏப்ரல் 1லேர்ந்து அமல்ல இருக்கு. ஆனா எத்தன பேர் புகார் கொடுத்திருக்காங்கங்கற கணக்க வச்சுதான் அது நகரும். ஜாப் கார்டுல "கம்ப்ளைன்ட் இல்ல"ன்னு எழுதிட்டா அப்புறம் எத வச்சு புகார் கொடுக்கறது? என் வண்டி பழசு, 7 வருஷம் தாண்டினதால அந்த விதில வராது, எனக்கு ஒன்னும் வேணாம். ஆனா போன வருஷம் கடன் போட்டு புது வண்டி வாங்கினவங்களுக்கு அந்த ஒரு வரி ரொம்ப முக்கியம்.

அதனால நான் கேக்கறது இவ்ளோதான். ஓடும்போது இன்ஜின் நிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா, அவர் சொன்ன வார்த்தையவே ஜாப் கார்டுல எழுதுங்க. உங்களால கண்டுபிடிக்க முடியலன்னா "கண்டுபிடிக்க முடியல"ன்னு எழுதுங்க, "இல்ல"ன்னு எழுதாதீங்க. எந்த சூழ்நிலைல நிக்குதோ அதே சூட்டுல, அதே தூரத்துக்கு ஓட்டி, ஓடும்போதே ஸ்கேனர்ல வர்ற லைவ் டேட்டாவ பதிவு பண்ணி பாருங்க, அளந்து பாத்துட்டு அப்புறம் பார்ட்ட மாத்துங்க. போக்குவரத்து துறை அதிகாரிங்க இத எல்லா சர்வீஸ் சென்டருக்கும் உத்தரவாவே போடணும்.

முக்கியமான ஒன்ன விட்டுட்டேன். ஓடும்போது வண்டி நின்னுட்டா பயத்துல சாவிய உருவிடாதீங்க, ஸ்டீயரிங் லாக் ஆயிடும். பிரேக்ல ரெண்டு மூணு மிதிக்குதான் பவர் மிச்சம் இருக்கும், அதனால விட்டு விட்டு மிதிக்காம ஒரே அழுத்தா புடிங்க, அதுக்கப்புறமும் பிரேக் வேலை செய்யும், ஆனா பலமா மிதிக்கணும். இறக்கத்துல நியூட்ரல் பண்ணாதீங்க, கியர்லயே இருந்தா செத்த இன்ஜினும் வண்டிய கொஞ்சம் புடிச்சு வைக்கும். ஹஸார்ட் லைட்ட போட்டுட்டு ரெண்டு கையாலயும் ஸ்டீயரிங்க இழுத்து இடது பக்கம் வந்துடுங்க. நின்னதும் வண்டிக்குள்ள உக்காந்திருக்காம எறங்கி தடுப்பு சுவருக்கு அந்த பக்கம் போயிடுங்க, நானும் அம்மாவும் அன்னிக்கு அரை மணி நேரம் கார்லயே உக்காந்திருந்தோம், அத இப்ப நெனச்சாலும் கை நடுங்குது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தர்மபுரி